மலையேறி நின்றால் செல்ஃப் எடுக்காத கார்: ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

செங்கோட்டையில் நான் 22 ஆண்டுகளாக வாகன மின்வேலை செய்து வருகிறேன். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் இது. எல்லைக்கோடு மாறிய பிறகும் எங்கள் பக்கத்து மக்களின் வேலை, வைத்தியம், வியாபாரம், உறவு எல்லாம் மலைக்கு அப்பாலும் தொடர்கின்றன. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கே ஒரு கார் இரண்டு மாநிலங்களில், மூன்று நான்கு பட்டறைகளில் வேலை பார்க்கப்படுகிறது. புனலூரில் செய்த வேலை தென்காசிப் பட்டறைக்குத் தெரியாது. தென்காசியில் மாற்றிய பொருளைப் பற்றிச் செங்கோட்டையில் யாரும் கேட்பதில்லை. இந்த நிகழ்வில் பழுது ஆறு மாதம் கண்ணில் படாமல் போனதற்கு அதுவே பாதிக் காரணம்.

காரின் உரிமையாளர் புளியரைப் பக்கத்தில் குடியிருக்கும் ஒரு செவிலியர். புனலூரில் ஒரு மருத்துவமனையில் முறைமாற்றுப் பணி. ஒரு வழிக்கு 40 கி.மீ.க்கு மேல், எஸ் வளைவில் ஏறி, கோட்டைவாசலைத் தாண்டி, ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை வழியாக இறங்க வேண்டும். பேருந்து நேரமும் பணி நேரமும் பொருந்தாததால் அவரே காரை ஓட்டிச் சென்று வந்தார். கார் 2013ஆம் ஆண்டின் 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டி, கேபிள் கிளட்ச், ஓட்டம் 1,12,000 கி.மீ. தவறாமல் ஆயில் மாற்றி, சுத்தமாக வைத்திருந்த வண்டி.

## என்னிடம் வருவதற்கு முன் நடந்தவை

இந்தப் பகுதியில் உள்ளவற்றை நான் நேரில் பார்க்கவில்லை. அவர் சொன்னதையும் பைக்குள் சேர்த்து வைத்திருந்த பில்களையும் வைத்து எழுதுகிறேன்.

2024 பிப்ரவரியில் கிளட்ச் மிதி இறுகிப் போனது. புனலூர்ப் பட்டறை ஒன்றில் கிளட்ச் கேபிளை மாற்றினார்கள். கழற்றிய கேபிளின் உறை ஓரிடத்தில் இளகி ஒட்டியிருந்ததாக அவருக்கு நினைவு இருந்தது. "பழையதாயிப்போச்சு சேச்சி" என்று சொல்லி முடித்துவிட்டார்கள். பில்லில் 'கிளட்ச் கேபிள், 1' என்பதற்கு மேல் எதுவும் இல்லை.

ஜூன் முதல் வாரத்தில், சாரல் தொடங்கிய நாட்களில், முதல்முறையாக வண்டி நின்ற இடத்தில் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பியதும் டக் என்ற ஒரு சத்தம் மட்டும் வந்தது. ஐந்து நிமிடம் விட்டுத் திருப்பியபோது சாதாரணமாகக் கிளம்பியது. பேட்டரி நான்கு வருடப் பழசு என்பதால் பேட்டரிக் கடையில் புதியது போட்டார்கள். அந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வயதுள்ள பேட்டரியை நானும் முதலில் சந்தேகப்பட்டிருப்பேன். மூன்று வாரம் தொந்தரவு இல்லை.

ஜூலை தொடக்கத்தில் மறுபடி அதே டக். இந்த முறை தென்காசியில் ஒரு பட்டறையில் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி, கார்பன் பிரஷ், சோலனாய்டு (சாவியைத் திருப்பியதும் மோட்டாருக்கு மின்சாரம் விடும் காந்த சுவிட்ச்) இரண்டையும் மாற்றினார்கள். ஏறத்தாழ பத்து நாள் நன்றாக இருந்தது. பிறகு வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு முறை என்று திரும்பவும் வரத் தொடங்கியது.

ஜூலைக் கடைசியில் மாலைப் பணி முடிந்து திரும்பும்போது கழுதுருட்டியில் மழை கண்ணை மறைத்ததால், ஒரு தேநீர்க் கடை ஓரம் நிறுத்தி என்ஜினை அணைத்திருக்கிறார். இருபது நிமிடம் கழித்து வண்டி எடுக்கவில்லை. சமதளம் என்பதால் உருட்டவும் வழியில்லை. அந்த வழியாக வந்த ஜீப் ஓட்டுநர் ஒருவர் தம் பேட்டரியிலிருந்து ஜம்ப் கேபிள் போட்டார். சாவியைத் தொட்டதும் வண்டி கிளம்பிவிட்டது. "பேட்டரி போச்சு, மாத்திடுங்க" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். இரண்டு மாதம் கூட ஆகாத பேட்டரியை உத்தரவாதத்தில் கொடுத்து, இன்னொன்று வாங்கிப் பொருத்தினார். அதற்கும் பத்து நாளில் அதே டக்.

## முதல் நாள்: வண்டி நன்றாகக் கிளம்பியது

ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் வண்டி என் பட்டறைக்கு வந்தது. காலை நேரம். நான் பன்னிரண்டு முறை சாவியைத் திருப்பினேன். பன்னிரண்டு முறையும் கிளம்பியது. அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணாச்சி, இப்ப ஸ்டார்ட் ஆகுதுன்னு சொல்லி மட்டும் அனுப்பிராதீங்க" என்றார். இதற்கு முன் இரண்டு இடத்தில் அப்படித்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

அன்று நான் எடுத்த முதல் முடிவு, எந்தப் பொருளையும் கழற்றுவதில்லை என்பது. விட்டுவிட்டு வரும் பழுதில், சும்மா ஒரு லக்கை, அதாவது கேபிள் முனையின் உலோக வளையத்தை, கழற்றி மாட்டினாலே பழுது சில நாள் ஒளிந்துகொள்ளும். பிறகு எதனால் சரியானது என்று யாராலும் சொல்ல முடியாது. அவரிடம் காரணம் இன்னும் எனக்குத் தெரியவில்லை என்பதை ஒளிக்காமல் சொன்னேன்.

அதே நாளில் ஒரு தவறும் செய்தேன். எர்த் பாதையில், அதாவது மின்சாரம் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பும் வழியில், சந்தேகம் எனக்கு அப்போதே இருந்தது. மல்டிமீட்டரை ஓமில் வைத்து, பேட்டரியின் மைனஸ் முனைக்கும் கியர் பாக்ஸுக்கும் இடையே பார்த்தேன். 0.3 ஓம் காட்டியது. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்தாலும் அதே 0.3தான் காட்டும், அது மீட்டர் ஒயரின் சொந்தத் தடை. ஆகவே எர்த் நன்றாக இருக்கிறது என்று வேலைத்தாளில் எழுதிவிட்டேன். இந்த வரியைப் பத்து நாள் கழித்து நானே அடிக்க வேண்டி வந்தது. செல்ஃப் மோட்டார் சுற்றும்போது 100 ஆம்பியருக்கு மேல் ஓடும். அந்த ஓட்டத்தில் ஓமின் நூறில் இரண்டு பங்குத் தடை இருந்தாலே 2 வோல்ட் வழியில் போய்விடும். என் மீட்டரால் அந்த அளவுத் தடையைக் காணவே முடியாது. பல இழைகள் அறுந்து நாலைந்து இழைகள் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் கேபிளும் ஓம் மீட்டருக்கு முழுக் கேபிளாகத்தான் தெரியும்.

## நோட்டுப் புத்தகம்

கையில் பிடிக்க முடியாத பழுதுக்கு நான் நம்பும் ஒரே வழி, வண்டியை ஓட்டுபவரையே எழுதச் சொல்வது. எங்கள் ஊரில் "வண்டி ஸ்டார்ட் ஆகல" என்ற ஒரே சொல்லில் இரண்டு வெவ்வேறு பழுதுகளைச் சொல்லிவிடுகிறோம். செல்ஃபே எடுக்காமல் இருப்பது ஒன்று. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பிடிக்காமல் இருப்பது மற்றொன்று. பின்னதில் பெட்ரோல் பம்ப், கிராங்க் சென்சார், ஸ்பார்க் பிளக், சாவியின் இம்மொபிலைசர் என்று தேடல் வேறு பக்கம் போகும். முன்னதில் பேட்டரி, கேபிள்கள், சாவி சுவிட்ச், ரிலே, செல்ஃப் மோட்டார் ஆகியவற்றுக்குள் தேடினால் போதும். முன்னதிலும் சத்தத்தை வைத்து மேலும் பிரிக்கலாம். ஒரு சத்தமும் இல்லையென்றால் சாவி, ரிலே பக்கம். டக் என்று ஒரே ஒரு சத்தம் என்றால் பெரும்பாலும் சோலனாய்டு அல்லது மோட்டார். டக டக டக என்று தொடர்ந்து அடித்தால் மோட்டாருக்குப் போதுமான வோல்ட் போய்ச் சேரவில்லை என்று பொருள்.

அவரிடம் ஒரு 40 பக்க நோட்டைக் கொடுத்தேன். ஒவ்வொரு முறை சாவியைத் திருப்பும்போதும் நேரம், இடம், கடைசியாக ஓட்டி எவ்வளவு நேரம் ஆயிற்று, என்ன சத்தம் கேட்டது, சாவியைத் திருப்பும் நொடியில் ஹெட்லைட் எப்படி இருந்தது என்று எழுத வேண்டும். கடைசிக் கேள்விக்காக இருட்டில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, பகலில் டேஷ்போர்டு விளக்குகளைப் பார்த்தபடி திருப்பச் சொன்னேன். நோயாளிகளின் குறிப்பேட்டை எழுதிப் பழகிய கை என்பதால், அவர் எழுதியது என் வேலைத்தாளைவிடத் தெளிவாக இருந்தது.

பத்து நாளில் 31 முறை கிளப்பியிருந்தார். ஆறு முறை செல்ஃப் எடுக்கவில்லை; நான்கு முறை டக டக, இரண்டு முறை ஒற்றை டக். செல்ஃப் சுற்றியும் என்ஜின் பிடிக்காமல் போனது ஒருமுறை கூட இல்லை. வீட்டில் காலையில் எடுத்தபோதும், எட்டு மணி நேரப் பணிக்குப் பிறகு ஆறிய என்ஜினை எடுத்தபோதும் ஒருநாளும் தவறவில்லை. ஆறும் மலை ஏறியோ இறங்கியோ வந்து, பத்து முதல் முப்பது நிமிடம் நிறுத்திய பின் நடந்தவை: ஆரியங்காவில் ஒன்று, தென்மலையில் இரண்டு, செங்கோட்டைப் பெட்ரோல் பங்கில் ஒன்று, காய்கறிக் கடைத் தெருவில் இரண்டு. மழைக்கும் இதற்கும் தொடர்பு தெரியவில்லை; ஆறில் மூன்று காய்ந்த நாளில் நடந்தன.

ஹெட்லைட் வரிசையில் அவர் ஆறு முறையும் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தை எழுதியிருந்தார்: "கொஞ்சம் மங்கியது, ஆனால் நன்றாக எரிந்தது." பேட்டரி இறங்கியிருந்தால் செல்ஃபுக்குத் திருப்பும் நொடியில் விளக்கு செத்துப்போகும். விளக்கு நன்றாக எரிகிறது, செல்ஃபுக்கு மட்டும் வோல்ட் போகவில்லை. பேட்டரியில் மின்சாரம் இருக்கிறது, அது மோட்டாருக்குப் போகும் வழியிலோ திரும்பிவரும் வழியிலோ தடுக்கப்படுகிறது என்பது அந்த ஒரு வாக்கியத்திலேயே இருந்தது. ஜூன் மாதத்திலிருந்து இதை அவரிடம் யாரும் கேட்கவில்லை.

நோட்டில் நான் கேட்காத ஒரு தகவலும் இருந்தது. பல வரிகளின் ஓரத்தில் 'சரிவு' என்று எழுதியிருந்தார். எங்கே நிறுத்தினாலும் இறக்கம் பார்த்து நிறுத்தி, செல்ஃப் எடுக்காவிட்டால் உருட்டி, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டு எடுப்பதை இரண்டு மாதமாகப் பழக்கமாக்கியிருந்தார். என்ஜின் ஓடாத நேரத்தில் ஸ்டீயரிங் உதவியும் இருக்காது. பிரேக் பூஸ்டரில் மிஞ்சியிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்கு மேல் தாங்காது. மலைச்சாலையில், மரம் ஏற்றிய லாரிகளுக்கு நடுவே இது எவ்வளவு ஆபத்து என்று நினைத்தபோது எனக்கு மனம் பதறியது. அன்றே உருட்டுவதை நிறுத்தச் சொன்னேன். பழுது தீரும்வரை ஆறிய என்ஜினை மட்டும் எடுக்கும்படி வழியில் எங்கும் அணைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.

## மலையில் அளந்தது

பழுது பட்டறைக்கு வராது என்பது உறுதியானபின், நாங்கள்தான் அதனிடம் போக வேண்டும் என்று முடிவெடுத்தேன். அவருடைய விடுப்பு நாளில், அவர் ஓட்ட, நான் பக்கத்தில் அமர்ந்து புளியரையிலிருந்து ஆரியங்காவு வரை போய்த் திரும்பினோம். கிளம்புமுன் பேட்டரி முனைகளிலும் என்ஜின் உடலிலும் பாடியிலும் செல்ஃப் மோட்டாரின் பெரிய முனையிலும் மெல்லிய நீள ஒயர்களைக் கட்டி, போனட் இடுக்கு வழியாக உள்ளே கொண்டுவந்திருந்தேன். எந்த நட்டையும் தளர்த்தவில்லை. இருக்கும் முனைகளின் மேலேயே கிளிப் போட்டேன்.

காலையில் ஆறிய என்ஜினில் எடுத்த அளவுகள்: சும்மா இருக்கும்போது பேட்டரி 12.58 வோல்ட்; செல்ஃப் சுற்றும்போது 10.9. பேட்டரி பிளஸிலிருந்து செல்ஃப் மோட்டார் வரை இழப்பு 0.25. பேட்டரி மைனஸிலிருந்து என்ஜின் உடல் வரை இழப்பு 0.7 வோல்ட். இந்தக் கடைசி அளவு 0.2க்குள் இருக்க வேண்டும். வண்டி நன்றாகக் கிளம்பும் வேளையிலேயே எர்த் பாதை மூன்று மடங்குக்கு மேல் இழந்துகொண்டிருந்தது. என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.5 வோல்ட்தான் இருந்தது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் அதன் வெளியீட்டு முனைக்கும் இடையில் 14.2 இருந்தது. ஆல்டர்னேட்டரும் என்ஜின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அதன் மின்சாரமும் அதே எர்த் வழியாகத்தான் சுற்றை முடிக்க வேண்டும். புதிய பேட்டரிகள் இரண்டும் முதல் நாளிலிருந்தே அரைவயிற்றுக் கஞ்சிதான் குடித்திருக்கின்றன.

ஆரியங்காவு போய்த் திரும்பி, புளியரையில் சமதளத்தில் நிறுத்தி, இருபது நிமிடம் காத்திருந்தோம். சாவியைத் திருப்பினார். டக டக டக.

மீட்டரில் பேட்டரி 11.3 வோல்ட் காட்டியது. பிளஸ் பக்க இழப்பு 0.2. மைனஸ் முனைக்கும் என்ஜினுக்கும் இடையே 6.8 வோல்ட். மோட்டாருக்குக் கிடைத்தது 4.3 வோல்ட் மட்டுமே. மைனஸ் முனைக்கும் பாடிக்கும் இடையே பார்த்தால் 0.06, அங்கே குறை இல்லை. ஆகவே பாடியிலிருந்து கியர் பாக்ஸுக்குப் போகும் எர்த் கேபிள்தான் இடம். என்ஜின் ரப்பர் மவுண்டுகளின்மேல் நிற்கிறது. அந்தக் கேபிள் இல்லையென்றால் அது மின்சாரத்துக்குத் தனித் தீவு. ஹெட்லைட்டும் ஹாரனும் பாடியிலிருந்தே எர்த் எடுப்பதால் அவற்றுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

மூன்றாவது முறை சாவியைத் திருப்பியபின் போனட்டைத் திறந்து, கியர் பாக்ஸ் பக்கம் கையை நீட்டினேன். புறங்கை கிளட்ச் கேபிளில் பட்டுச் சுட்டது. என்ஜின் சூட்டில் கேபிள் வெதுவெதுப்பாக இருப்பது வழக்கம். இது விரல் வைக்க முடியாத சூடு, அதுவும் என்ஜின் அறையையும் காரின் உள்பக்கத்தையும் பிரிக்கும் சுவரை ஒட்டிய பகுதியில். கருப்பு உறை மெழுகுபோல் மின்னியது. பிப்ரவரி பில் அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. எர்த் கேபிள் வழி விடாதபோது, செல்ஃபின் மின்சாரத்தில் ஒரு பங்கு பாடியிலிருந்து கிளட்ச் கேபிளின் இரும்புச் சுருள் வழியாக என்ஜினுக்குப் பாய்ந்து அதைச் சூடாக்கியிருக்கிறது. முதல் கேபிள் உருகியது வயதால் இல்லை. செல்ஃப் எடுக்காமல் போவதற்கு நான்கு மாதம் முன்பே இந்தப் பழுது கிளட்ச் மிதியின் வழியாகத் தன்னைச் சொல்லிவிட்டது.

உறுதி செய்ய ஒரே ஒரு ஜம்ப் கேபிளை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை என்ஜின் லிஃப்டிங் கொக்கியிலும் கடித்துவிட்டேன். வேறு பேட்டரி இல்லை, வேறு வண்டி இல்லை. சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. கேபிளை எடுத்ததும் டக டக, போட்டதும் கிளம்பியது. மூன்று முறை மாற்றிமாற்றிப் பார்த்தோம். மைனஸ் பக்க இழப்பு கேபிளோடு 0.4 வோல்ட்.

கழுதுருட்டி இரவின் புதிரும் அதோடு அவிழ்ந்தது. ஜீப் ஓட்டுநரிடம் தொலைபேசியில் கேட்டபோது, கருப்புக் கிளிப்பை என்ஜினின் இரும்பில்தான் போட்டேன் என்றார். அவர் செய்தது சரியான முறை. பேட்டரிக்கு அருகில் பொறி பறக்காமலிருக்க அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் அந்தக் கிளிப் பழுதான எர்த் கேபிளைத் தாண்டி என்ஜினுக்கு நேரே வழி கொடுத்துவிட்டது. ஜீப்பின் பேட்டரி வண்டியைக் கிளப்பியது காரின் பேட்டரி செத்ததால் இல்லை, ஜீப்பின் மின்சாரத்துக்குப் பழுதான கேபிளைத் தொடாத திரும்பும் வழி இருந்ததால். அங்கிருந்தவர்கள் பார்த்தது உண்மை, அதற்குச் சொன்ன காரணம்தான் மாறிப்போனது.

## கழற்றியபோது கண்டது

இப்போதுதான் முதல் போல்ட்டைக் கழற்றினேன். லக் செல்ஃப் மோட்டாரின் பிடிமான போல்ட்டுக்கு அடுத்த போல்ட்டில் இருந்தது. வெளியே பார்க்க ஒரு குறையும் இல்லை. உறை முழுதாக, லக் இறுக்கமாக. லக்கை ஒட்டி உறையைப் பிளேடால் நீளவாக்கில் கீறினேன். உள்ளே செம்பு நிறமே இல்லை. பச்சைக் களிம்பு பொடியாக உதிர்ந்தது. அதற்குக் கீழே இழைகள் கறுத்து, லக்கின் வாயிலேயே அறுந்திருந்தன. நல்ல இழை என்று எண்ணக்கூடியவை எட்டு. மற்றவை கிரிம்புக்குள், அதாவது லக் கேபிளை அழுத்திப் பிடிக்கும் இடத்துக்குள், தொட்டும் தொடாமலும் நின்றன.

மலைக்குப் பிறகு மட்டும் ஏன் என்பதற்கு நான் கொள்ளும் விளக்கம் இது. ஏற்றத்தில் இரண்டாம் கியரில் இழுக்கும்போது என்ஜின் மவுண்டுகளின்மேல் சாய்ந்து அந்தக் கேபிளை ஒவ்வொரு வளைவிலும் இழுக்கிறது. அணைத்தபின் காற்றோட்டம் நின்று என்ஜின் அறை மேலும் சூடாகிறது. சூட்டில் லக்கும் இழைகளும் விரிந்து தொடுதல் நழுவுகிறது. ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. தென்காசியில் செல்ஃபைக் கழற்றிய பிறகு பத்து நாள் நன்றாக இருந்ததும் இதே காரணத்தால்தான். அந்த வேலையின்போது பக்கத்து லக் அசைந்து, இழைகள் வேறு விதமாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

## செய்த வேலை

25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் புதிய எர்த் கட்டினேன். லக்குகளைச் சுத்தியால் அடிக்காமல் ஹைட்ராலிக் கிரிம்ப்பரில் அழுத்தி, பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடினேன்; பழைய கேபிள் நீர் குடித்தது லக்கின் திறந்த வாய் வழியாகத்தான். கியர் பாக்ஸிலும் பாடியிலும் லக் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, போல்ட்டை இறுக்கியபின் மேலே வாசலின் பூசினேன். என்ஜினின் மறுபக்கத்திலிருந்து பாடிக்கு இரண்டாவது எர்த் ஒன்றும் சேர்த்தேன். ஒன்று கைவிட்டாலும் மற்றொன்று தாங்க வேண்டும் என்பதற்காகவே அது. இரவில் தனியாக மலை தாண்டும் ஒருவரின் வண்டி என்பது என் மனத்தில் இருந்தது.

கிளட்ச் கேபிளையும் மாற்றச் சொன்னேன். ஆறு மாதமே ஆன கேபிள், இன்னும் வேலை செய்கிறது, எதற்கு என்று அவர் தயங்கினார். உறை இளகியிருந்த இடத்தைத் தொட்டுக் காட்டியபின் ஒப்புக்கொண்டார். பேட்டரியை மாற்றவில்லை. ஓர் இரவு முழுவதும் மெதுவாகச் சார்ஜ் ஏற்றியதில் 12.66க்கு வந்து நின்றது. செல்ஃப் மோட்டாரையும் தொடவில்லை.

## பின்னர்

வேலை முடிந்த அன்றே அதே சாலையில், அதே இருபது நிமிடக் காத்திருப்போடு அளந்தோம். மைனஸ் பக்க இழப்பு 0.11 வோல்ட். ஓடும்போது பேட்டரியில் 14.2. அடுத்தடுத்து எட்டு முறை எடுத்ததில் கிளட்ச் கேபிளில் புதிதாகச் சூடு ஏறவில்லை.

நோட்டை மேலும் ஒரு மாதம் எழுதச் சொன்னேன். 90க்கு மேற்பட்ட வரிகளில் ஒன்று மட்டும் செல்ஃப் எடுக்காதது. அன்று பின்கதவு சரியாகச் சாத்தாமல் உள்விளக்கு இரவெல்லாம் எரிந்திருக்கிறது. அந்த வரியில் ஹெட்லைட் பற்றி 'அடியோடு மங்கிவிட்டது' என்று எழுதி, கீழே கோடும் போட்டிருந்தார். உண்மையாகவே பேட்டரி இறங்கினால் எப்படி இருக்கும் என்ற வேறுபாட்டை அவரே கண்டுபிடித்துச் சொன்னார். முதல் இரண்டு வாரம் ஓரத்தில் 'சரிவு' என்ற சொல் தொடர்ந்து வந்தது. சொன்னாலும் பழக்கம் விடவில்லை. மூன்றாம் வாரத்திலிருந்து அது இல்லை. 2025 பிப்ரவரியில் ஆயில் மாற்ற வந்தபோது மைனஸ் பக்கத்தை மறுபடி அளந்தேன், 0.12.

தென்காசியில் செல்ஃபை வேலை பார்த்தவரிடம் அறுந்த கேபிளைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் தம் வேலைக்கு வாங்கிய கூலியைத் திருப்பித் தர முன்வந்தார். பிரஷ்கள் தேய்ந்திருந்தது உண்மையென்பதால் உரிமையாளர் வாங்கவில்லை.

## இனி மாற்றிச் செய்பவை

செல்ஃப் எடுக்காத வண்டி எது வந்தாலும், பேட்டரியைப் பற்றிப் பேசுமுன் இரண்டு இழப்புகளை, செல்ஃப் சுற்றும் வேளையில், வோல்ட்டில் அளக்கிறேன்: மைனஸ் முனைக்கும் என்ஜினுக்கும் இடையே ஒன்று, பிளஸ் முனைக்கும் செல்ஃபுக்கும் இடையே ஒன்று. ஐந்து நிமிட வேலை. கனத்த மின்சாரம் ஓடும் பாதையை ஓம் மீட்டரில் பார்ப்பதை விட்டுவிட்டேன். அந்த முதல் நாளில் நான் வோல்ட்டில் அளந்திருந்தால் 0.7 என்ற எண் காலையிலேயே கிடைத்திருக்கும். பத்து நாளும் ஒரு மலைப்பயணமும் மிஞ்சியிருக்கும்.

என் வேலைத்தாளில் ஒரு கேள்வி கூடியிருக்கிறது: கடந்த ஓராண்டில் எந்த ஊரில், எந்த வேலை பார்த்தாலும், கிளட்ச், ஆக்சிலரேட்டர், கியர் கேபிள் உட்பட அனைத்தையும் சொல்லுங்கள் என்று. எல்லைக்கு இருபுறமும் ஓடும் வண்டிகளுக்கு அந்த வரி முக்கியம். ஜம்ப் போட்டுக் கிளம்பிய வண்டி என்றால் கருப்புக் கிளிப் எங்கே கடித்திருந்தது என்றும் கேட்கிறேன்.

இன்னொன்று பழைய பேட்டரி. ஜூனில் கழற்றிய முதல் பேட்டரி எக்ஸ்சேஞ்சில் போய்விட்டதால், அது உண்மையிலேயே கெட்டிருந்ததா, சரியாகச் சார்ஜ் ஏறாமல் சோர்ந்திருந்ததா என்று பார்க்க வழியில்லாமல் போனது. இப்போது என் பட்டறையில் மாற்றும் பேட்டரியை வாடிக்கையாளரின் பெயர்ச்சீட்டோடு ஒரு வாரம் தனியாக வைத்து, சார்ஜ் ஏற்றி, சுமை கொடுத்துச் சோதித்த பிறகே எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்புகிறேன்.